ஒன்பதை அமத்திவிட்டுப் பொறு

தனுஷிகாவின் கலியாணக் கார்ட் இன்றைக்குப் பின்னேரம் அச்சில் ஏறவேண்டும். பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் ‘திரு’ என்று போடுவதா, ‘காலஞ்சென்ற’ என்று போடுவதா என்பதில் வீடு இரண்டுபட்டு நிற்கும்போது போன கிழமை விட்டிருந்தோம். இரண்டுபட்டது தாய்மாமன் கதிரவேலுவும் மருமகள் தனுஷிகாவும்தான். அந்தத் தகப்பனின் மனைவி உதயகலா எந்தப் பக்கமும் நிற்கவில்லை. அவர்கள் சத்தம் போடும்போது அவள் எழும்பிப் போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாள்.

இன்று காலையும் வழக்கம்போல வேலைக்குப் போனாள்.

நெல்லியடிப் பக்கத்தில் சீமெந்துக்கல் அரியும் முற்றம் அது. சல்லியும் மணலும் சீமெந்தும் குழைத்து, அச்சில் போட்டு இடித்து, அச்சைக் கவிழ்த்துத் தூக்கினால் ஒரு கல். பிறகு அடுத்தது. மகளுக்குக் கலியாணத்தை வைத்துக்கொண்டு ஏன் வருகிறாய் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். வீட்டில் இருந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இங்கே என்றால் கை தன்பாட்டில் செய்யும்.

அந்தக் கையும் இப்போது முன்னைப்போல இல்லை. சீமெந்து தின்று தின்று விரல் நுனிகள் மழுங்கிப்போய்விட்டன. சுடுதண்ணீர் பட்டாலும் கொஞ்சம் பிந்தித்தான் தெரியும்.

வெயில் ஏறும் நேரம் கதிரவேலு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவர் மேசன். தங்கச்சியின் மனிசன் யப்பானுக்குப் போன நாளில் இருந்து இந்தக் குடும்பத்துக்கு ஒரு கூரை ஓடு உடைந்தாலும் வந்து மாற்றிக் கொடுப்பவர் அவர்தான்.

போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பார். எழுத்துப்பிழை கிடந்தால் இப்பவே சொல்லு. பின்னேரம் பிறஸ்காரன் மெசினிலை ஏத்திப்போடுவன்.”

பொன் நிற எழுத்து. ‘காலஞ்சென்ற தியாகராசா - உதயகலா தம்பதிகளின் அன்பு மகள்.’ அவர் பெயருக்கும் தன் பெயருக்கும் நடுவில் கிடந்த சின்னக் கோட்டை உதயகலா பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்ன, சரிதானே?”

“எழுத்துச் சரி.”

“நான் எழுத்தை மட்டுமே கேட்டனான்?”

“எழுத்தைத்தானே கேட்டனியள்.”

கதிரவேலு போனைச் சட்டைப் பையில் போட்டார். குந்துவதற்கு இடம் தேடி, காய்ந்த கல்லடுக்கு ஒன்றில் இருந்தார்.

“உதயா, ஆறு வருசம். ஒரு சொல்லு இல்லை. யப்பானிலை அவரோடை நிண்ட குருநாகல் பெடியன் என்ன சொன்னவன்? வருத்தமெண்டு வேறை ஊருக்குப் போனவர், பிறகு காணேல்லை எண்டு. வட்டுக்கோட்டைச் சம்பந்தி அம்மா என்னை நேரை நேரை கேக்கிறா. ‘தகப்பன் இருக்கிறாரோ, இல்லையோ? இருக்கிறாரெண்டால் ஆர் தாரை வாக்கிறது? இல்லையெண்டால் தாய் என்னெண்டு மணவறையிலை வந்து நிக்கிறது?’ நான் என்னத்தைச் சொல்ல?”

அவள் மண்வெட்டியால் கலவையைப் புரட்டினாள்.

அண்ணன் சொன்னதில் பிழை இல்லை. தியாகராசா உயிரோடு இருந்தால், வராவிட்டாலும், அவள் மகளின் பக்கத்தில் நிற்கலாம். இல்லையென்றால் தாரை வார்ப்பது அண்ணனும் அண்ணன் மனைவியும். தாய் சமையல் கொட்டில் பக்கம் நின்று, கெட்டிமேளச் சத்தத்தைக் கேட்டு, தாலி ஏறிவிட்டது என்று அறிந்துகொள்ளவேண்டியதுதான். ஆறு வருசமாகப் பொட்டை வை என்றும் அழி என்றும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை. விடிந்தால் கை போய் வைத்துவிடும்.

“சரி அண்ணை, அடிக்கச் சொல்லுங்கோ” என்று சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் தனுஷிகாவின் ஸ்கூட்டி வந்து மணற்கும்பியில் முட்டாத குறையாக நின்றது.

“அம்மா, கையைக் கழுவுங்கோ. சங்கத்துக்குப் போவம்.”

“உனக்கு முன்பள்ளி வேலை இல்லையே இண்டைக்கு?” என்றார் கதிரவேலு.

“அரை நாள் லீவு போட்டிட்டன். மாமா, சங்கத்து ஃபாக்ஸ் மெசினிலை அப்பாவின்ரை வேலைத்தல நம்பர் இன்னும் கிடக்குதாம். சுபாஜினி அக்கா இப்ப தூசி தட்டேக்கை கண்டவா.”

அது வெங்காயச் செய்கைக்காரரின் சங்கம். தியாகராசாவும் அதில் ஒரு காலம் அங்கத்தவர். யப்பானில் மரக்கறி ஊறுகாய் போடும் ஒரு தொழிற்சாலைக்கு அவர் போன புதிதில், வீட்டுக் காணி அலுவலுக்கு அவருடைய கையெழுத்துத் தேவைப்பட்டது. அங்கத்தைய ஆட்கள் எல்லாவற்றுக்கும் ஃபாக்ஸ்தான் பாவிப்பார்களாம். இங்கே ஃபாக்ஸ் இருந்த இடம் சங்கம். அப்போது மனேச்சராக இருந்த மரியரட்ணம் அந்த நம்பரை மெசினின் ஒரு பட்டனில் பதிந்து வைத்தார். பிறகு தியாகராசாவின் கைபேசி நம்பர்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. அந்தப் பட்டனை எல்லோரும் மறந்துபோனார்கள்.

“ஆறு வருசத்துக்குப் பிறகு மெசின் வந்து சாட்சி சொல்லப்போகுதோ?” என்றார் கதிரவேலு.

“மாமா, அப்பா செத்திருந்தால்தான் உங்களுக்கு வசதி போலை.”

கதிரவேலு அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்றுதான் உதயகலா நினைத்தாள்.

“வசதியோ? தாரை வாக்கிறவன் அது முடியுமட்டும் பட்டினி கிடக்கவேணும் பிள்ளை. நான் சீனி வருத்தக்காரன்.”

அவர் மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

“நடவுங்கோ, நானும் வாறன். பின்னேரத்துக்கு முன்னம் ஒரு முடிவு தெரியாட்டி, உள்ளபடி அடிக்கச் சொல்லிப்போடுவன். பிறகு என்னோடை கதைக்கக்கூடாது.”

உதயகலா தண்ணீர்த் தொட்டியில் கையை அமிழ்த்திக் கழுவினாள். நகக்கண்ணில் சீமெந்து அப்படியே இருந்தது.

சங்க அலுவலகத்தில் அரைவாசி அறைக்கு வெங்காய மூட்டை. மிச்ச இடத்தில் ஒரு மேசை, ஒரு காற்றாடி, இலிகிதர் சுபாஜினி. மூலையில் ஒரு பழைய லேஞ்சித் துணி போர்த்தபடி தொலைநகல் இயந்திரம் இருந்தது. சுபாஜினி லேஞ்சியை எடுத்து உதறினாள்.

“கொழும்பிலை இருக்கிற விதைக் கொம்பனிக்காரர் இப்பவும் இதிலைதான் ஓடர் கேக்கினம். இல்லாட்டி எப்பவோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். றிசீவரைத் தேடாதேங்கோ அண்ணை, எலி வயரைத் திண்டுபோட்டுது. அங்காலை கதைக்கிறது ஸ்பீக்கரிலை எங்களுக்குக் கேக்கும். நாங்கள் கதைக்கேலாது.”

“என்ரை மனிசிக்கு நேர்மாறு” என்றார் கதிரவேலு.

அனுப்பத் தாள் வேண்டும். தனுஷிகா ஒரு தாளில் ஆங்கிலத்தில் விறுவிறு என்று எழுதினாள். தியாகராசா என்பவர் இங்கே வேலை செய்கிறாரா, அவருடைய மகள் கேட்கிறேன், தயவுசெய்து ஒரு பதில் போடவும் என்று. கீழே கொஞ்ச இடம் விட்டுத் தாயிடம் நீட்டினாள்.

“நீங்களும் ஒண்டு எழுதுங்கோ அம்மா.”

உதயகலா பேனையை வாங்கினாள். என்ன எழுதுவது? அடுக்கி வைத்த கேள்விகள் ஒரு காலத்தில் இருந்தன. இப்போது தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் எழுதினாள்: ‘தனுவுக்கு ஆவணியில் கலியாணம். இருக்கிறியளோ.’

“எழுத்துக் கீழை பாக்க வைக்கவேணும்” என்று சுபாஜினி தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். “இந்தப் பக்கம் பிழைச்சால் அங்காலை வெறும் வெள்ளைத்தாள்தான் போய் நிக்கும்.”

“அவர் எப்பவும் அப்பிடித்தான்” என்றாள் உதயகலா.

“ஆர்?”

“தனுவின்ரை அப்பா. எத்தினை தரம் அனுப்பினாலும் முதல் தாள் வெள்ளையாத்தான் வரும். ரெண்டாவதிலைதான் எழுத்து வாறது. மரியரட்ணம் ஐயா பகிடி பண்ணுவார். ‘உன்ரை மனிசன் கட்டிலிலை படுக்கிற மாதிரித் தாளையும் மல்லாத்திப் போடுறான்’ எண்டு.”

இவ்வளவு நீளமாக அவள் கதைத்து எவ்வளவோ நாள். தனுஷிகா தாயைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் உதயகலா பழையபடி வாயை மூடிவிட்டாள்.

மெசினின் வலப்பக்கம் வரிசையாகச் சின்னப் பட்டன்கள். ஒன்றின் கீழே மங்கிப்போன நீல மையில் ‘தியாகு - யப்பான்’.

“இதை ஒருக்கா அமத்தினால் காணும். முழு நம்பரையும் அதுவே அடிக்கும். நீங்களே அமத்துங்கோ அக்கா.”

உதயகலா அமத்தினாள். பட்டன் உள்ளே போனதா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் அறிந்தாள். சின்னக் கண்ணாடியில் எண்கள் ஓடின. தனுஷிகா அவற்றை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். எண்கள் ஓடி முடிந்ததும் மெசின் டூ, டூ, டூ என்றது.

“முடிஞ்சுது கதை” என்றார் கதிரவேலு.

“பொறுங்கோ அண்ணை.” சுபாஜினி நெற்றியில் தட்டிக்கொண்டாள். “இது முந்தி நேர் லைன் இருந்த காலத்திலை பதிஞ்ச நம்பர். இப்ப எல்லா லைனும் சுவரிலை கிடக்கிற அந்தப் பெட்டிக்குள்ளாலைதான் போகுது. வெளியிலை எடுக்கிறதெண்டால் முதல் ஒன்பது அடிக்கவேணும். பட்டனுக்கு அது தெரியாது.”

சுபாஜினி தனுஷிகாவின் உள்ளங்கையைப் பார்த்து, ஒன்பதில் தொடங்கி எல்லா எண்களையும் கையால் மளமளவென்று அடித்தாள். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு சிங்களப் பெண்குரல், இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்றது.

“திரும்ப அடிக்கிற பட்டன் ஒண்டு இருக்குமெல்லே, அதை அமத்திப் பாரும்.”

“அது நான் விட்ட பிழையை அப்பிடியே திருப்பிச் செய்யும் அண்ணை.” ஆனாலும் அவர் சொல்லுக்காக அமத்தினாள். அதே குரல், அதே சொல்.

தனுஷிகா பொறுக்கமாட்டாமல் வாசலுக்குப் போய்த் தன் கைபேசியில் அந்த நம்பரை அடித்தாள். காதில் இருந்து போனைப் பறித்தெடுத்தபடி ஓடி வந்தாள்.

“அம்மா, கீச்செண்டு கத்துது. அப்ப அங்கை மெசின் இருக்குது. நம்பர் சாகேல்லை.”

“மெசின் இருந்தால் மனிசன் இருக்கிறதே?” என்றார் கதிரவேலு. தனுஷிகா வாசலில் நின்று திரும்பத் திரும்ப அடித்தாள். ஒவ்வொரு தரமும் அந்தக் கீச்சு உள்ளேவரை கேட்டது.

கதிரவேலுவின் போனும் அடித்தது. பிறஸ்காரன். “ஓம் தம்பி, ஓம், இந்தா சொல்லுறன்” என்றபடி அவர் முற்றத்துக்கு இறங்கினார்.

சுபாஜினி மெசினையே பார்த்துக்கொண்டு இருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“அக்கா, நான் அவசரப்பட்டிட்டன். ஒன்பதை அமத்திவிட்டுப் பொறுக்கவேணும். பெட்டி வெளி லைனைத் தர ஒரு மூச்சு எடுக்கும். அதுக்குள்ளை அடிச்சால் முன்னுக்கு அடிக்கிற எண்ணுகளை அது விழுங்கிப்போடும்.”

றிசீவர் இல்லாமலே லைன் எடுக்கிற பட்டன் ஒன்று இருந்தது, ஸ்பீக்கர் படம் போட்டது. அதை அமத்தினாள். மெசின் ங்ங் என்று முனகியது. ஒன்பதை அமத்தினாள். முனகல் நின்றது. இருவரும் பொறுத்தார்கள். பொறுப்பதற்கு உதயகலாவுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

வேறொரு சுருதியில் முனகல் வந்தது.

“இப்ப” என்றாள் சுபாஜினி. தனுஷிகா ஓடிவந்து கையை விரித்துப் பிடித்தாள். இந்தமுறை ஒவ்வொரு எண்ணாக, மெதுவாக.

தூரத்தில் மணி அடித்தது. கீச்சு வரும் என்று மூவரும் காத்திருந்தார்கள். கீச்சு வரவில்லை. விடாமல் அடித்த மணிக்கு யாரோ மெசினடிக்கு வந்திருக்கவேண்டும். டக் என்று எதையோ தூக்கும் சத்தம்.

“மொஷி மொஷி.”

ஆண் குரல். களைத்த குரல். பின்னால் ஏதோ வண்டில் உருளும் சத்தம்.

“மொஷி மொஷி?” பிறகு தொண்டையைச் செருமியது. ஒரு தரம், நிறுத்தி இன்னொரு தரம்.

தனுஷிகா மெசினின் மேல் குனிந்துவிட்டாள். “அப்பா. அப்பா, நான் தனு.”

“கேளாது பிள்ளை” என்றாள் சுபாஜினி, அவளுடைய முதுகில் கை வைத்து. “அவைக்குக் கேளாது.”

அங்கால் றிசீவரை வைக்கவில்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. கலியாணம் முடித்த நாளில் இருந்து, ஒரு கதையைத் தொடங்குமுன் அப்படித்தான், ஒரு தரம் செருமி, நிறுத்தி, இன்னொரு தரம். உதயகலாவுக்கு அது தெரியும். தெரிந்தது தலைக்குள் ஒரு பக்கத்தில் போய் இருந்தது. நெஞ்சுக்கு வரவில்லை. காலையில் அரிந்த கற்களின் மேல் ஈரச்சாக்கு போட்டார்களோ, இந்த வெயிலுக்கு வெடித்துவிடுமே என்று நினைத்தாள்.

“அக்கா, வைக்கப்போறார். பச்சைப் பட்டனை அமத்துங்கோ. தாள் போகட்டும்.”

அவள் அமத்தினாள். மெசின் தாளை உள்ளே இழுத்தது. ‘இருக்கிறியளோ’ கடைசியாகப் போனது.

கதிரவேலு படியேறி வந்தார். “தாள் போட்டுதோ?”

“போட்டுது.”

“ஆரும் கதைச்சவையோ?”

“அப்பா கதைச்சவர்” என்றாள் தனுஷிகா.

“என்னெண்டு சொன்னவர்?”

“மொஷி மொஷி எண்டு.”

“யப்பானிலை போனை எடுக்கிற எல்லா ஆம்பிளையளும் அப்பிடித்தான் பிள்ளை சொல்லுவினம்.” அவர் தங்கச்சியைப் பார்த்தார். “உதயா, உனக்கு எப்பிடி? அவரோ?”

“தெரியேல்லை அண்ணை.”

தனுஷிகா தன் கைபேசியில் திரும்பவும் அடித்துப் பார்த்தாள்; பழையபடி கீச்சுத்தான். சுபாஜினி பிளேன்டீ போட்டுக் கொடுத்தாள். பிறஸ்காரன் இன்னொரு முறை எடுத்தான். கதிரவேலு “கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு” என்றார். கடைசியில் அவருடைய குரலில் களைப்புத் தெரிந்தது.

“இன்னும் எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு இருக்கிறது? நான் சொல்லிப்போடுறன், உள்ளபடி அடிக்கட்டும்” என்று நம்பரை எடுத்தார். அப்போது மெசின் அடித்தது.

“தானா வராது” என்று சுபாஜினி எழும்பினாள். “கண்ட கண்ட விளம்பரமெல்லாம் வந்து தாள் முடியுதெண்டு மனேச்சர் அதை நிப்பாட்டிப்போட்டார். இதையும் நாங்கள்தான் பச்சை அமத்தி எடுக்கவேணும்.” அமத்தினாள்.

மெசின் உருண்டது. தாள் வரத் தொடங்கியது. வெள்ளை. இன்னும் வெள்ளை. அடிவரை வெள்ளை. தட்டில் விழுந்தது.

கதிரவேலு அதை எடுத்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பினார். உச்சியில் மட்டும் ஈ மொய்த்த மாதிரி ஒரு வரி எண்கள். தனுஷிகா உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கடைசி எண்கள் எல்லாம் ஒத்திருந்தன.

“வெறும் தாளெல்லே” என்றார் அவர்.

உதயகலா தாளைக் கையில் வாங்கினாள். அது சுட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சம் பிந்தித்தான் அவளுக்குத் தெரிந்தது.

“அவர்தான்” என்றாள்.

கதிரவேலு ஒரு வெங்காய மூட்டையில் இருந்துவிட்டார். செத்தார் என்று நம்பிய ஆறு வருசத்தில் ஒரு நாளும் அந்த முகத்தில் இப்படி ஒரு கோபத்தை அவள் கண்டதில்லை.

“உயிரோடை இருந்துகொண்டு” என்றார். “உதயா, உயிரோடை இருந்துகொண்டு.”

அவர் கையில் இருந்த போனில் பிறஸ்காரனின் குரல் ஹலோ, ஹலோ என்றது. அவர் அதைப் பொத்திப் பிடித்தார். “என்ன சொல்ல?”

‘திரு’ என்று போடச் சொன்னால் போதும். சம்பந்தி அம்மாவின் வாய் அடைபட்டுவிடும். உதயகலா அந்தச் சொல்லைத் தன் வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். அங்கே அது நிற்கவில்லை.

“முன்னுக்குக் கிடக்கிறதை எடுக்கச் சொல்லுங்கோ.”

“எடுத்துப்போட்டுத் திரு போடவோ?”

“ஒண்டும் வேண்டாம். பேர் மட்டும் கிடக்கட்டும்.”

“அப்பிடி ஒருத்தரும் கார்ட் அடிக்கிறேல்லை.”

“நாங்கள் அடிப்பம்.”

“தாரை?”

“நீங்களும் மச்சாளும் வாத்துவிடுங்கோ அண்ணை. சீனிக் குளிசையைப் போட்டிட்டு வாத்துவிடுங்கோ. நான் பிள்ளைக்குப் பக்கத்திலை நிப்பன். கேக்கிறவை என்னட்டை வந்து கேக்கட்டும்.”

கதிரவேலு அவளைப் பார்த்தபடியே போனைக் காதில் வைத்தார். “தம்பி, அந்த முதல் சொல்லை எடும். ஓம், காலஞ்சென்றவை. இல்லை, பிழை இல்லை. பேர் மட்டும் போடும்.”

அவர் வைத்துவிட்டார். காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

மெசின் திரும்பவும் அடித்தது.

சுபாஜினி கையை மடியில் வைத்துக்கொண்டாள். “அக்கா?”

“அம்மா, எடுங்கோ” என்றாள் தனுஷிகா.

உதயகலா பச்சைப் பட்டனில் விரலை வைத்தாள். வைத்தது சரியாக அதன்மேல்தானா என்று குனிந்து பார்த்தாள்.

“இந்தமுறை தாளைத் திருப்பி வைச்சிருப்பார்” என்றாள்.

மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் இன்னும் அமத்தவில்லை.